உரோமர் வீதியில் ஒரு சுமைதாங்கி

எண்பதுகளின் நடுவில், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் எதையாவது படித்துவிட்டால் அதை வீட்டில் எல்லோருக்கும் படிப்பித்து முடிக்காமல் நான் சாப்பிடமாட்டேன். ஒரு வாரம் உரோமர்கள் அகப்பட்டார்கள். எங்கள் ஆட்களின் கடைகள் இருந்த லா ஷப்பல் ஊடாக வடக்கே போகும் வீதி அவர்கள் போட்டது, தூரம் காட்ட வழி நெடுகக் கல் நட்டார்கள், இறந்தவர்களையும் வீதியோரத்தில்தான் புதைத்தார்கள் என்று ஆசிரியை சொல்லியிருந்தார்.

அம்மா சோற்றைக் காட்டினார். மாமா மட்டும்தான் காது கொடுத்துக் கேட்டார். அம்மாவின் தம்பியான அவர், லா கூர்னெவ்வில் எங்களோடு இருந்தார். ஊரில் மாமி வயிற்றில் பிள்ளையோடு இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அகதி வழக்கு முடியாததால் அவரால் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. அப்படிப் போனவளுக்கு ஒரு சுமைதாங்கி வைக்கவேண்டும், இந்தச் சண்டைக்குள் யார் வைப்பது என்று அவர் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி உருகுவார். சுமைதாங்கி என்றால் என்னவென்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதது ஒன்று உண்டென்று காட்டிக்கொள்ள விருப்பமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க லா ஷப்பலுக்குப் போனோம். அந்த வீதியில் ஒரு மூலை வீட்டுச் சுவரோடு என் நெஞ்சளவுக்கு ஒரு கல் நின்றது. இதுதான் உரோமர் கல் என்று அடித்துச் சொன்னேன். மாமா அதைத் தடவிப் பார்த்தார்.

"ஆருக்காக வைச்சவையாம்?"

"போறவாற ஆக்களுக்கு," என்றேன்.

அவர் தோளிலிருந்த அரிசிப் பையை இறக்கி அதன்மேல் வைத்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வீதியின் எதிர்ப்பக்கம் போய் நின்றார். கார் து நோர் ஸ்டேஷனுக்கு நடக்கலாம், பசிக்கிறது என்று நான் சிணுங்கியும் அசையவில்லை. கடைசியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்தார். லீக்ஸ் நீட்டிக்கொண்டிருந்த பையைக் கல்லின்மேல் வைத்து, மூச்சு வாங்கி, கை மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்.

"அவ இறக்கி வைச்சிட்டா, பிள்ளை," என்றார் மாமா. கண்ணால் தண்ணீர் ஓடியது. யாரோ ஒரு கிழவி மரக்கறிப் பையை இறக்கியதற்கு ஒரு பெரிய மனிதர் தெருவில் நின்று அழுவாரா? எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்தக் கல், வண்டிச் சில்லு சுவரில் உரசாமலிருக்க யாரோ வைத்தது. உரோமருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது வளர்ந்தபின் தெரிந்தது. வயிற்றுப் பிள்ளையை இறக்காமலே போன பெண்ணின் பேரில், வழிப்போக்கர் தங்கள் சுமையை இறக்கி ஆறட்டும் என்று வைக்கும் கல்தான் சுமைதாங்கி என்பது அதற்கும் பிறகுதான் தெரிந்தது. இதைத் தெரிந்துகொண்டபின், முன்னதை மாமாவுக்குப் படிப்பிக்க எனக்கு வாய் வரவில்லை.