கால் அறியாத காயம்

ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைத்துத் தரும் ஒரு சின்னக் கம்பெனியில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். தோல் துண்டின் ஓரத்தில் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, மடித்து, சுத்தியலால் தட்டித் தையலுக்கு அனுப்ப வேண்டும். சொல்யூஷன் கெட்டியானால், பெட்ரோல்போல நாறும் தின்னரை ஊற்றிக் கலக்குவோம். விரலில் ஒட்டிய பசையையும் அதே தின்னரில் நனைத்த துணியால் துடைத்துக்கொள்வோம். தூசு விழக்கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தி வைத்திருப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தலை சுற்றும். பிறகு பழகிவிடும்.

என் பக்கத்தில் ஓர் அக்கா உட்கார்ந்திருப்பாள். எங்கள் மேசையில் அவளைப்போல வேகமாக மடிக்க யாராலும் முடியாது. கொஞ்ச நாளாக அவள் கை தடுமாறியது. தீபாவளி வேலை ஜாஸ்தி, அசதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். ஏதோ பேச்சுக்குச் சிரித்தபடி நான் குனிந்தேன். ரோட்டில் சிவப்பாக ஒரு தடம் எங்கள் கூடவே வந்துகொண்டிருந்தது.

"அக்கா! இன்னாக்கா இது, ரத்தம்!"

அவளுடைய இடது காலில் செருப்பு இல்லை. திரும்பிப் பார்த்தால் அது வெகு தூரத்தில், வளையல் கடை வாசலில் கிடந்தது. அங்கிருந்து வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள். குதிகாலில் பாட்டில் துண்டு ஒன்று ஆழமாக ஏறியிருந்தது.

"வலிக்கலியா?"

"இல்லடி. செருப்பு போனதே தெரியலயே."

கடைப் படியில் உட்காரவைத்துக் கண்ணாடியைப் பிடுங்கினேன். கத்தியது நான். அவள் வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். அதனால் வேலூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். சர்க்கரையாக இருக்கும் என்று பயந்தோம். சர்க்கரை இல்லை. டாக்டரம்மா முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அசையவே இல்லை. பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். அக்கா பல்லைக் கடித்து முயன்றாள். பாதம் தொங்கியபடியே இருந்தது.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"ஷூ கம்பெனி. பேஸ்டிங்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "கையை எதுல தொடைப்பீங்க?"

சொன்னோம்.

"அதோட ஆவி மூச்சுல போகுது, தோல் வழியாவும் போகுது. நரம்பைக் கெடுத்திருக்கு. இன்னைக்கே வேலைய விட்டுடுங்க. விட்டாலும் கொஞ்ச மாசம் இன்னும் மோசமாகும். அப்புறம்தான் மெதுவா திரும்பும். முழுசா திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது." என் பக்கம் திரும்பினார். "நீங்களும் அதே மேசையா?"

தலையாட்டினேன்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை. "நானும் இங்கதானம்மா நிக்கிறேன், எனக்கு இன்னா ஆச்சு?" என்றார். ஆனாலும் ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். அக்கா வேலையை விட்டுவிட்டாள். வேறு வேலை தேடிக்கொண்டே நான் போய்வந்தேன்.

அந்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம். பிரஷ் கழுவும் ஆள், அழுக்குத் தின்னரை வழக்கம்போல் பின்பக்கச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தார். சாக்கடை சற்றுத் தள்ளியிருந்த டீக்கடையை ஒட்டிப் போய்ப் பாலாற்றுப் பக்கம் திரும்பும். டீக்கடைக்காரர் அடுப்பைப் பற்றவைத்தார். 'பக்'கென்று ஒரு சத்தம். சாக்கடைத் தண்ணீரின் மேல் நெருப்பு ஓடி வந்தது. தண்ணீர் அந்தப் பக்கம் போக, நெருப்பு எங்களைப் பார்த்து வந்தது. யாரோ குடம் தண்ணீரை ஊற்றினார்கள். அணையவில்லை. தண்ணீரோடு மிதந்து இன்னும் பரவியது. குடத்தோடு நின்றவரின் லுங்கி பற்றிக்கொண்டது.

"வெளிய ஓடுங்க! உள்ள கேன் எல்லாம் நிறைஞ்சி இருக்குது!" என்று சூப்பர்வைசர் எங்களைப் பிடித்துத் தள்ளினார். எதிரே வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை அள்ளி அள்ளிப் போட்டுத்தான் நெருப்பை அடக்கினார்கள். லுங்கி பற்றியவரைச் சாக்குப்பையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினோம். சூப்பர்வைசர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது டீக்கடைக்காரர், "என் போர் தண்ணியும் ரொம்ப நாளா இதே நாத்தம்தான். தோல் பதம் பண்ற ஷாப்பு தண்ணின்னு நெனச்சேன்" என்றார். அந்தத் தண்ணீரில் போட்ட டீயைத்தான் நாங்கள் தினமும் குடித்துக்கொண்டிருந்தோம். அங்கேயே வாந்தி எடுத்தேன்.

கம்பெனியை மூடிவிட்டார்கள். தீப்பட்டவர் பிழைத்தார், தொடையில் தோல் சுருங்கி இழுத்திருக்கிறது. நான் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். அக்காவுக்கு டாக்டரம்மா சொன்னபடியே முதலில் மோசமானது. பாத்ரூமுக்கு உட்கார்ந்தபடியே நகர்ந்து போவாள். நான் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள். வீட்டிலேயே ரவிக்கைக்குக் கொக்கி தைத்துத் தருகிறாள். விரல்கள் பழைய வேகத்துக்கு வரவில்லை.

போன வாரம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். மாடிப்படி ஏற என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினாள்.

"நீ நல்லா இருக்குறியா? காலு, கை எல்லாம்?" என்றாள்.

"இருக்குறேங்க்கா."

"அது போதும்" என்று அடுத்த படியில் காலை வைத்தாள்.