கூடையில் வந்த சீட்டு

ஈப்போவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஷார்மேன், நடைப்பந்தய வீராங்கனை. திடலோரம் அவள் நிறுத்தும் மோட்டார் சைக்கிள் கூடையில் யாரோ தினமும் ஒரு சீட்டு வைத்துப் போவார்கள்: "முட்டிய மடக்காத, அது ஓட்டம்." அதைப் படித்துத்தான் தேறினாள். யாரென்று தேடவில்லை.

மாநிலப் போட்டியின் கடைசி வளைவில், நடுவர்கள் பார்க்காத நேரம் நடக்காமல் ஓடித்தான் ஜெயித்தாள். அந்தப் பதக்கத்தை மாதா கோயில் ஞாயிறு பூசையில் காணிக்கையாகப் பீடத்தில் வேறு வைத்தாள், வெட்கங்கெட்டவள். கோயிலே கைதட்டியது.

வெளியே வந்தபோது, கோயிலைக் கூட்டும் கிறிஸ்டின் அக்கா அவளுடைய மோட்டார் அருகே நின்றிருந்தார். கையில் சீட்டு.

"நீங்களா அக்கா?"

"வளைவுலதான்லா நின்னேன். எல்லாம் பார்த்தேன்."

ஷார்மேன் தலைகுனிந்தாள். அக்கா சீட்டைக் கசக்கினார்.

"நான் சொல்லிக் கொடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத."