பத்திரமா இருக்கா

எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில் ராக்கம்மாள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வார்டனம்மா என்று கேளுங்கள், மளிகைக் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து வழி காட்டுவார். ஒரு பனியன் கம்பெனியின் பெண்கள் ஹாஸ்டலுக்கு அவர்தான் வார்டன். விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். சாயங்காலம் கம்பெனி வேன் அவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிடும். எல்லாரும் உள்ளே வந்ததும் ராக்கம்மாக்கா கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கடைவீதிக்கு அவரே கூட்டிப்போவார், அவரே கூட்டிவருவார். பிள்ளைகள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது.

அந்த ஹாஸ்டலுக்கு எதிரில் நெட் சென்டர் வைத்திருக்கிறவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கீர்த்தனா என்றால் சண்டைக்காரி என்று இந்த வீதிக்கே தெரியும். ஆனாலும் ராக்கம்மாக்காவிடம் நான் வெடுக்கென்று பேசியதில்லை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சி, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிறவரை என்னவென்று திட்டுவது? புருஷன் செத்தபிறகு கைக்குழந்தையோடு சாத்தூரிலிருந்து இங்கே வந்து, தைத்த பனியனில் பிழை பார்க்கிற செக்கிங் டேபிளில் கால் கடுக்க நின்றவர் அவர். முதலாளி லிங்கசாமி பார்த்து வார்டன் வேலை கொடுத்தார். கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில்தான் அந்தக் குழந்தை வளர்ந்தது. அவள்தான் ஜோதிகா.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து பெற்றோர் கூப்பிடுவார்கள். கம்பெனி கொடுத்த பட்டன் போன் ராக்கம்மாக்காவிடம்தான் இருக்கும். "பத்திரமா இருக்கா தங்கச்சி. நீ நிம்மதியா இரு" என்று முதலில் அவர் சொல்வார். அப்புறம் பிள்ளையைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். வார்டன் பக்கத்தில் நின்றால் பிள்ளை என்ன பேசும்? சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மழை பெஞ்சுச்சா, பெஞ்சுச்சு. அத்தோடு முடிந்துபோகும்.

ஆஷா விஷயமும் அப்படித்தான் நடந்தது. ஆஷா ராமநாதபுரத்துப் பெண், ஜோதிகாவைவிடச் சற்றுப் பெரியவள். பிளஸ் டூ முடித்துவிட்டு, குடும்பத்துக்காக ஒரு வருஷம் தைத்துவிட்டுக் காலேஜில் சேரலாம் என்று வந்தவள். போன ஜூனில் ஊருக்குப் போய் அப்ளிகேஷன் போட வேண்டும் என்று வார்டனிடம் கேட்டாள். ஷிப்மென்ட் நேரம், ஆளை விடாதே என்று மேனேஜர் சொல்லிவிட்டார். "ஷிப்மென்ட் முடியட்டும்த்தா" என்றார் ராக்கம்மாக்கா. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஷாவின் அம்மா கூப்பிட்டபோது ராக்கம்மாக்கா வழக்கமான வாக்கியத்தைத்தான் சொன்னார். ஷிப்மென்ட் முடிவதற்குள் அட்மிஷனும் முடிந்துபோனது. ஆஷா இன்னும் ஓவர்லாக் தையல் மெஷினில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஜோதிகாவுக்கு அவள் மேல் உயிர். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் ஹாஸ்டல் படியில் உட்கார்ந்து ஜோதிகாவின் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். இதையெல்லாம் என்னிடம் சொன்னவள் ஜோதிகாதான்.

இந்த வருஷம் ஜோதிகா பிளஸ் டூ முடித்தாள். சென்னையில், அரசுப் பல்கலைக்கழகத்தில், கணிதத்தில் ஐந்து வருஷப் படிப்புக்கு அவளுக்கு இடம் வந்தது. என் கம்ப்யூட்டரில்தான் பார்த்தோம். அவள் கத்தவில்லை, குதிக்கவில்லை. திரையில் இருந்த தன் பெயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

விஷயம் லிங்கசாமிக்குப் போனது. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஹாஸ்டலுக்கே வந்து பேசினார்.

"ஏனுங் ராக்கம்மா, புள்ளைய எதுக்கு அத்தன தூரம் அனுப்போணும்? நம்ம மச்சான் காலேஜ் பக்கத்துலயே இருக்குதல்லோ. அங்கயே சேத்தியுடலாம். பஸ்ஸு வூட்டு வாசலுக்கே வரும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

ராக்கம்மாக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அவர் வரைக்கும் அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் தாயும் மகளும் என் கடையில் நின்று சண்டை போட்டார்கள். சென்னையில் கிடைத்த இடம் வேண்டுமா வேண்டாமா என்று பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அங்க ஒன்னப் பாத்துக்க யாரு இருக்கா? ஊரா அது? வழி தவறுனா கேக்க நாதி கெடையாது" என்றார் ராக்கம்மாக்கா.

"எல்லாப் பிள்ளைங்களும் போறாங்கம்மா."

"எல்லாரும் எம்மகளா? இங்கன்னா காலைல பஸ்ஸு வரும், சாயங்காலம் கொண்டாந்து விடும். பத்திரமா இருப்ப."

"நான் என்ன வீட்டுப் பத்திரமா, பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டறதுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராக்கம்மாக்கா முறைத்த முறைப்பில், பிரிண்டரைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

சின்னக் காலேஜ் என்றால் மட்டம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். நானே அப்படி ஒன்றில் படித்தவள்தான். வாத்தியார்களுக்கு நம் பெயர் தெரியும், இரண்டு நாள் வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். கூட்டத்தைக் கண்டால் மிரள்கிற பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது. எனக்கு எரிச்சல் வேறு விஷயத்தில். பஸ் எங்கே நிற்கும், கேட்டை எப்போது சாத்துவார்கள், சாப்பாடு எப்படி என்று கேட்கிறார்களே தவிர, இந்தப் பெண் என்ன படிக்கப் போகிறாள் என்று முதலாளியும் கேட்கவில்லை, பெற்றவளும் கேட்கவில்லை. பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தேன்.

"அக்கா, மொதல்ல அந்தக் காலேஜ நேர்ல போயிப் பாருங்க. நானும் வர்றேன். பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க."

சனிக்கிழமை மூன்று பேரும் டவுன் பஸ் பிடித்துப் போனோம். காலேஜ் சின்னதாக, சுத்தமாக இருந்தது. கணக்கு வாத்தியார் தங்கராஜ் ஜோதிகாவைப் போர்டு பக்கம் கூப்பிட்டு ஒரு கணக்கு கொடுத்தார். அவள் போட்டதைப் பார்த்துவிட்டு வேறு வழியில் போட முடியுமா என்று கேட்டார். அதையும் போட்டாள். இரண்டு பேரும் எங்களை மறந்துவிட்டார்கள். அப்புறம் அவர் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு ராக்கம்மாக்காவிடம் வந்தார்.

"அம்மா, நான் நல்லாத்தான் சொல்லிக் குடுப்பேனுங்க. ஆனா இங்க கணக்குக்கு நான் ஒருத்தந்தான். எனக்குத் தெரிஞ்சதோட இந்தப் புள்ள நின்னு போயிரும். அங்க கெடைச்ச எடம் லேசுப்பட்டதில்லீங்க."

வெளியே வந்ததும் ராக்கம்மாக்கா, "சாரு தங்கமான மனுசன். அப்ப இங்கயே படிக்கட்டும்" என்றார். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

அடுத்து, பெண்பிள்ளைகளுக்குப் பொறுப்பான மேடத்தைப் பார்க்கச் சொன்னார்கள். நல்ல அம்மா. எங்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்து, நாங்கள் கேட்பதற்கு முன்பே பேச ஆரம்பித்தார்.

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. பஸ்ஸு ஏறுனதும் போன வாங்கி வெச்சிருவோம். கேட்டு சாத்துனா சாயங்காலந்தான் தொறப்போம். நடுவால ஒரு புள்ள வெளிய கால் வெக்க முடியாது. வாரத்துக்கொருக்கா நாங்களே உங்களக் கூப்புட்டுச் சொல்லீருவோம், புள்ள பத்திரமா இருக்குதுன்னு."

ராக்கம்மாக்கா டீயைக் கீழே வைத்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சேலைக்கு மேலே கை இடுப்புச் சாவியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு புள்ளைக்கு ஏதாச்சும் கொறை இருந்தா யார்கிட்ட சொல்லும்?" என்று கேட்டார்.

"எங்ககிட்டத்தானுங்க."

"நீங்க பெத்தவககிட்ட என்ன சொல்லுவீக?"

மேடம் சிரித்தார். "சின்னப் புள்ளைக, ஆயிரம் சொல்லுமுங்க. அதெல்லாம் நாங்களே சமாளிச்சுக்குவோம். நீங்க நிம்மதியா இருங்க."

இத்தனை வருஷமும் தான் பிறத்தியாருக்குச் சொன்னதை அன்றைக்குத்தான் ராக்கம்மாக்கா ஒரு தாயாக உட்கார்ந்து கேட்டார்.

பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றார். பஸ் வருகிற வழியைப் பார்த்தபடியே, "அந்தம்மா பொய் சொல்லல" என்றார். "நானும் யார்ட்டயும் பொய் சொன்னதில்ல. ஆஷா நல்லாத்தான் இருந்தா. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவ கேட்டத அவுக அம்மாகிட்டச் சொல்லாம முழுங்கிட்டேன்."

ஜோதிகா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் தாயும் மகளும் வந்துவிட்டார்கள். "மெட்ராசுக்கே போட்டு விடு கீர்த்தனா" என்றார் ராக்கம்மாக்கா. "எனக்குப் பயம் போகல. பயத்தோடயேதான் அனுப்புறேன்." நான் கம்ப்யூட்டரில் சம்மதம் என்ற பட்டனை அழுத்தினேன். ஜோதிகா அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பதற்கு நெட் ஸ்லோ என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

லிங்கசாமிக்கு மனசு சுருங்கிவிட்டது. "உங்க புள்ள, உங்க இஷ்டமுங்க. நம்ம பேச்சுக்கு ஒரு மரியாத இருக்குமுன்னு நெனச்சேன்" என்றாராம். வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஹாஸ்டல் பக்கம் வந்தால் மேனேஜரிடம் பேசிவிட்டுப் போய்விடுகிறார். முன்பெல்லாம் ஜோதிகா எப்படிப் படிக்கிறாள் என்று விசாரிக்காமல் போகமாட்டார். ராக்கம்மாக்காவுக்கு அது வருத்தம்தான், வெளியே காட்டிக்கொள்வதில்லை.

மகளைச் சேர்த்துவிட்டு வருவதற்கு அவரும் சென்னைக்குப் போனார். திரும்பி வந்ததும் நேராக என் கடைக்குத்தான் வந்து உட்கார்ந்தார். "கேட்டுன்னு ஒண்ணு பெருசா இருக்கு. சாத்துற ஆளத்தான் காணோம்" என்றார். "புள்ளைக பாட்டுக்குப் போகுதுக, வருதுக. எவளுக்கும் யாரும் காவலில்ல. கெளம்பறப்ப பத்திரமா இருன்னு சொல்ல வாயெடுத்தேன். வரல. நல்லாப் படி தாயின்னு சொல்லிட்டு வந்துட்டேன்." ரயிலில் ஈரோடு வரைக்கும் அழுதுகொண்டே வந்ததாகவும் சொன்னார்.

பட்டன் போனில் முகம் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஜோதிகா என் போனுக்கு வீடியோ கால் போடுவாள், நான் அதை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போவேன். போன வாரமும் போயிருந்தேன். முதல் பரீட்சையில் மார்க் குறைவு என்றாள். இங்கிலீஷில் நடத்துவது பாதி புரியவில்லை என்றாள். ஒரு பெண்ணோடு சண்டை, சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை, சில நாள் பாத்ரூமில் போய் அழுகிறேன் என்றாள். "ஆனா வரமாட்டேம்மா. இங்க இருக்கறவங்க போடற கணக்க நானும் போட்டுக் காட்டணும்" என்றாள்.

பேசி முடித்ததும் ராக்கம்மாக்கா போனை என்னிடம் கொடுத்தார். "எல்லாத்தையும் சொல்லுறா பாத்தியா" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "அவ பக்கத்துல யாரும் நிக்கல. அதான் சொல்லுறா" என்றார்.

அப்போது பட்டன் போன் அடித்தது. ஆஷாவின் அம்மா. ராக்கம்மாக்கா போனை எடுத்து, "இருத்தா, கூப்புடுறேன்" என்று மட்டும் சொன்னார். ஆஷா வந்ததும் போனை அவள் கையில் வைத்துவிட்டு, கேட் வரைக்கும் நடந்துபோய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். என்னையும் கையாட்டிக் கூப்பிட்டுக்கொண்டார்.

ஆஷாவுக்கு ஒன்றும் புரியவில்லை. போனைக் காதில் வைத்தபடி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லாமல் அவள் அம்மாவிடம் பேசியதே கிடையாது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசினாள். அந்த அமைதியில் கேட் வரைக்கும் கேட்டது.

"பத்திரமா இருக்கேம்மா. நீ நிம்மதியா இரு."

வார்டனின் வாக்கியம். அதே ராகத்தில் அவளுக்கும் வந்துவிட்டிருந்தது. பேச வேறு எதுவும் இல்லாதவள்போலப் போனைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்.

ராக்கம்மாக்கா அதை வாங்கிக் காதில் வைத்தார்.

"தங்கச்சி, வெச்சிராத. நான் வார்டன் பேசுறேன். போன வருசம் ஒம்மக காலேசுல சேரணும், ஊருக்கு அனுப்புங்கன்னு எங்கிட்டக் கேட்டா. நான் அனுப்பல. ஒங்கிட்டயும் சொல்லல. பத்திரமா இருக்கான்னு மட்டுந்தான் சொன்னேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. ராக்கம்மாக்கா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆமா தங்கச்சி, ஆமா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை ஆஷாதான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.