அப்டேட்டைத் திட்டிய ஷுக்ரி நானா

பதுளை பஜாரில் என் புடவைக்கடைக்கு அடுத்தது ஷுக்ரி நானாவின் ஸ்டூடியோ. வாய்த்துடுக்கில் எனக்கும் அண்ணன். "ஜெயராசா, நீ விக்கிற கலர் நாலு கழுவலுக்கு. நான் போடுற கலர் ஆயுசுக்கு" என்பார். பொய்யில்லை. இந்த ஊர்க் கல்யாணங்களின் நிறமெல்லாம் அவர் கண்ணில்தான் இருந்தது. சீனி வருத்தக்காரர், அதாவது இரத்தத்தில் சர்க்கரை. ஆனால் கிளினிக் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

போன மாதம் அவருடைய கம்ப்யூட்டர் தானாக அப்டேட் ஆனது. ஸ்கிரீனின் நிறத்தைச் சரியாக வைத்திருந்த பழைய கலர் புரொஃபைல் காணாமல் போனது. ஸ்கிரீன் மஞ்சளடிக்கிறது என்று குதித்தார். அந்தப் புரொஃபைலைத் தேடிப் பிடித்து மறுபடி போட்டார். ஸ்கிரீனில் ஒட்டி நிறம் அளக்கிற கருவியை வைத்து அளந்தார். எல்லாம் சரி என்றது அது. "இதுவும் பொய் சொல்லுது" என்று கையாலேயே நீலத்தைக் கூட்டினார். அந்த வாரம் அச்சான ஆல்பத்தில் மணப்பெண் பாம்பு கடித்தவள் மாதிரி இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஆல்பத்தை மேசையில் எறிந்துவிட்டுப் போனார்கள். நானும் சேர்ந்துகொண்டு அப்டேட்டைத் திட்டினேன். வேறென்ன செய்ய?

அதற்குப் பிறகுதான் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வடிவம்மா வந்தார். மகள் சிவானுஜா காய்ச்சலில் இறந்து இரண்டு வாரம்; மறுநாள் கருமாதி. படையலில் மகளின் படத்தையும், அவள் ஆசையாய்க் கட்டிய சேலையையும் அருகருகே வைக்க வேண்டும். அதனால் சேலையையே கையோடு கொண்டுவந்திருந்தார். போனில் இருந்த படத்திலும் அவள் அதைத்தான் கட்டியிருந்தாள். தீபாவளிக்கு என் கடையில் எடுத்த சேலை அது.

"மொதலாளி, சேல ஒரு நெறம், படம் ஒரு நெறமா இருந்தா வேற யாரோ மாதிரி ஆயிருங்க" என்றார் வடிவம்மா.

நானா படத்தை ஸ்கிரீனில் போட்டுப் பார்த்து முகம் சுளித்தார். "பாருங்கம்மா, மண் கலர்ல காட்டுது. எல்லாம் இந்த அப்டேட்டால வந்த வினை. சேலையத் தாங்க, வெயில்ல பாத்துட்டு வாறேன்."

ஸ்டூடியோவில் நின்றிருந்த நானும் கூடப் போனேன். தெருவில் நல்ல வெயில். சேலையை விரித்தார், புரட்டினார், முந்தானையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஜெயராசா, இது என்னா கலர்?"

கேலி பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் நாளைக்குப் படையலில் வைக்கிற படம் அது.

"ஊதா, நானா."

"நல்ல ஊதாவா?"

"நல்ல ஊதா."

அவர் சேலையை மெதுவாக மடித்தார். உள்ளே போய், தான் கூட்டிய நீலத்தையெல்லாம் எடுத்துவிட்டு, கருவி சொன்னபடியே விட்டு, எதையும் தொடாமல் அச்சுக்குக் கொடுத்தார். வந்த படத்தை நீட்டினார். "சரியாம்மா?"

வடிவம்மா படத்தைச் சேலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். "அவளேதாங்க, மொதலாளி."

வடிவம்மா போன பிறகு நானா எனக்குச் சொன்னார்: சீனி கண்ணில் இறங்கிவிட்டது, போனது திரும்பாது என்று டாக்டர் போன வருடமே சொல்லிவிட்டாராம். சொல்லிவிட்டு ஸ்கிரீனைத் துணியால் துடைத்தார்.

"ஸ்கிரீன்ல பிழ இல்ல, ஜெயராசா."

இன்னும் ஒரே ஒரு தடவை அந்த அப்டேட்டை வாய்நிறையத் திட்டமாட்டாரா என்று நின்றேன். அவர் திட்டவில்லை.