பாந்தெ பேரில் ஒரு பொட்டலம்

ஃபிலோஃப்தேயாவுக்கு வரி அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுக்கும் வேலை. அவள் தெருமுனையில் தெரிந்தாலே ஊரில் கதவைச் சாத்துவார்கள். அதையெல்லாம் அவள் பொருட்படுத்தியதில்லை. பிஸ்கட் முதலாளி ஒக்தாவியன் வீட்டுக் கதவைப் பார்த்தால் மட்டும் அவளுக்கு வயிறு எரியும்.

அவள் கணவன் பாந்தெலிமோன், சுருக்கமாகப் பாந்தெ, அவனிடம் அடுப்பு வேலை செய்தவன். ஒருநாள் ஆலையை மூடினார்கள். பாக்கிச் சம்பளம் கேட்டு வாசலில் நின்றவனுக்கு, காவல்காரன் கையில் ஒரு பொட்டலம் உடைந்த பிஸ்கட் கொடுத்தனுப்பினான் முதலாளி. அந்தக் குளிர்காலத்தைப் பாந்தெ தாண்டவில்லை.

ஒக்தாவியனோ நன்றாகவே தாண்டினான். ருமேனிய அரசு தந்த வரிச்சலுகையை நம்பி ஆலை கட்டியவன் அவன். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாடு சேர்ந்ததும், அந்தச் சலுகை ஒன்றியச் சட்டத்துக்கு ஆகாது என்று அரசு அதை நிறுத்தியது, இவன் ஆலையை மூடினான். ஹாலந்தில் பதிவு செய்திருந்த அவனுடைய கம்பெனி, அந்நிய முதலீட்டைக் காக்க இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி வெளிநாட்டு நடுவர்களிடம் போனது. 'என் தொழிலாளர்களுக்காகத்தான் அழுகிறேன்' என்று அங்கே மூக்கைச் சிந்தினானாம். நடுவர்கள் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள், அரசு கொடுத்தது. 'நஷ்டஈடு என்ற பேரில் போனதும் அதே சலுகைதான், அவனிடமிருந்து திரும்ப வாங்கு' என்று அரசுக்குச் சொன்னது ஒன்றியம். இரண்டு சட்டமும் மல்லுக்கட்டிய நேரத்தில் இவன் பணத்தோடு வெளிநாடு கிளம்பத் தயாரானான்.

பணத்தைத் திரும்பக் கேட்கும் நோட்டீஸை அவன் கையிலேயே கொடுத்தாக வேண்டும். கதவில் ஒட்டியதையெல்லாம் அவன் வக்கீல்கள் செல்லாதென்று ஆக்கிவிட்டார்கள். ஆபீசில் எல்லோரும் கைவிரித்தபோது ஃபிலோஃப்தேயா சிரித்தாள்.

"இறந்தவங்களுக்குப் படைக்கிற சனிக்கிழமை அவன் அம்மா கல்லறைக்கு வருவான்ல?" என்றாள் தோழி ஸம்ஃபிராவிடம்.

"உன்னைப் பாத்தா ஓடிருவான்டி."

"தானம் குடுக்கிற கைக்கு முன்னால எப்படி ஓடுவான்? ஊரே பாக்கும்."

அன்று கல்லறைத் தோட்டத்தில் பெண்கள் எல்லோரும் வேகவைத்த இனிப்புக் கோதுமையைத் துண்டில் கட்டி, மெழுகுவத்தி சொருகி, தங்கள் வீட்டில் இறந்தவர் பேரில் தானமாக எதிரே வந்தவர்களிடம் நீட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் அம்மா கல்லறையில் ஜெபித்து முடித்ததும், கறுப்பு முக்காட்டுடன் ஒருத்தி ஒக்தாவியன் முன் நின்றாள்.

"பாந்தெலிமோன் பேர்ல, சார்."

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். "கடவுள் அவரை மன்னிக்கட்டும்," என்று வழக்கம்போல் முணுமுணுத்தான். பிறகுதான் துண்டுக்கடியில் விரலில் பட்ட உறையை இழுத்துப் பார்த்தான். அரசு முத்திரை. நிமிர்ந்து முக்காட்டுக்குள் பார்த்தான், நோட்டீஸ்காரி.

"இது செல்லாது."

"கையில வாங்கிட்டீங்க சார். இதோ நிக்கிற ஸம்ஃபிரா சாட்சி, பாதிரியார் சாட்சி."

அவன் பொட்டலத்தைக் கீழே வைக்கக் குனிந்தான். சுற்றியிருந்த பெண்கள், பாதிப்பேர் அந்த ஆலையில் மாவு பிசைந்தவர்கள், அவன் கையையே பார்த்தார்கள். செத்தவன் பேரில் வாங்கியதை மண்ணில் வைத்தவன் அந்த ஊரில் யாரும் இல்லை.

"சாப்பிடுங்க," என்றாள் ஃபிலோஃப்தேயா. "உடையாத கோதுமையாப் பொறுக்கித்தான் போட்டேன்."

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் ஒரு வாய் எடுத்து மென்றான்.