கிரிக்கெட் பற் இல்லாத ஸ்போர்ட்ஸ் கடை

கைத்துப்பாக்கி விற்கும் கடையில் யாரும் அவசரமாக எதையும் வாங்கிக்கொண்டு போக முடியாது. அதனால் எங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பேசுவதற்கு நிறைய நேரம் இருக்கும்.

படித்தது ஒன்று, நிற்கும் கவுண்டர் வேறொன்று என்று காலம் தள்ளும் என்னுடைய ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்குத்தான் விளங்கும். நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள். சிட்னியின் டூங்கபியில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் என் பட்டமளிப்புப் படம் தொலைக்காட்சியைவிடப் பெரிதாகத் தொங்குகிறது. விண்ணப்பம் போட்ட கொம்பனிகளில் பாதி பதில் அனுப்பவில்லை. மீதி அனுபவம் கேட்டன. அதைத் தருவதற்கு மட்டும் ஒருவரும் இல்லை.

கடைசியில் என்னை எடுத்தவர் கிரெக். மேற்கு சிட்னியில் ஓடு விற்கும் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் அவருடைய துப்பாக்கிக் கடை இருக்கிறது. நேர்முகத்தில் ஒரு சின்ன உலோக ஊசியைத் தந்து அளக்கச் சொன்னார். நான் மூன்று தரம் அளந்து மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். ஒரு தரம் போதுமே என்றார். போதாது என்றேன். போலீஸ் சரிபார்ப்பு முடிந்ததும் வா என்றார்.

வீட்டில் நான் சொன்னது, "ஸ்போர்ட்ஸ் சாமான் விற்கிற கடை" என்று. குறிபார்த்துச் சுடுவது ஒலிம்பிக்கிலேயே இருக்கும் விளையாட்டு. ஆகவே பொய் இல்லை என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். உண்மைக் காரணம் அப்பா. அவர் வன்னியிலிருந்து உயிரோடு வெளியே வந்து, படகில் இங்கே வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் பல மாதங்கள் இருந்து, அதன் பிறகு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டவர். எங்கள் வீட்டில் துப்பாக்கியைக் குறிக்கும் துவக்கு என்ற சொல்லே புழங்குவதில்லை. தீபாவளிக்குப் பூங்காவில் வாணவேடிக்கை தொடங்குவதற்கு முன்னரே அவர் குளியலறைக்குள் போய் ஷவரைத் திறந்துவிடுவார். சத்தம் ஓயும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். இந்த மனிதரிடம் என் வேலையை எப்படிச் சொல்வது?

மரியாதை

முதல் நாள் கிரெக் ஒரு பிஸ்ரலைப் பெட்டியிலிருந்து எடுத்தார். அதன் மேற்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டி, துப்பாக்கி ரவை இருக்கும் அறை காலி என்று பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் "சரி" என்று சொல்லிக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. மறுபடியும் காட்டினார். மறுபடியும் "சரி" என்றேன்.

எனக்கு அது அப்படித்தான் பழகியிருந்தது. வயதில் மூத்தவர் ஒன்றைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு நானும் எட்டிப் பார்ப்பது, அவர் சொல்லை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி. இதை அவருக்கு விளக்கவும் செய்தேன். கிரெக் பொறுமையாகக் கேட்டார். கொடுப்பவர் பார்க்கவேண்டும், வாங்குபவர் பார்க்கவேண்டும், திருப்பிக் கொடுக்கும்போது இருவரும் மறுபடி பார்க்கவேண்டும், இந்தத் தொழிலில் இதற்கு விலக்கே கிடையாது என்றார். பிறகு சொன்னார்: "என்னில் உனக்கு மரியாதை இருந்தால், என்னை நம்பாதே."

கண்ணை மூடிக்கொண்டு

எங்களிடம் வருபவர்களில் பலர் திரும்பி வருகிறவர்கள். இளமையில் துப்பாக்கிச் சுடும் கழகத்தில் சேர்ந்து குறிபார்த்துச் சுட்டிருப்பார்கள். பிறகு கல்யாணம், பிள்ளைகள், வீடு என்று விட்டிருப்பார்கள். பல வருடம் கழித்துக் கை அரித்து வருவார்கள். லைசென்ஸ் காலாவதியாகிப் போனதால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் புது ஆட்கள். மறுபடியும் கழகம், பாதுகாப்பு வகுப்பு, காத்திருப்பு, வாங்கப்போகும் ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி.

மார்கரெட் அப்படி வந்தவர். பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இருபத்தைந்து வயதில் மாநிலத்துக்காகச் சுட்டவராம். கழகத்தின் பிஸ்ரல்களில் மாதக்கணக்காகப் பயிற்சி எடுத்துவிட்டு, தனக்கென்று ஒன்று தெரிவு செய்ய வந்திருந்தார். நான் தெரிந்ததையெல்லாம் ஒப்புவித்தேன்: விசையின் இழுவை, குழலின் நீளம், எடை. அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கடையின் பின்சுவரில் இதற்கென்றே ஒட்டிவைத்திருக்கும் கறுப்புப் பொட்டைப் பார்த்து நின்று, காலி பிஸ்ரலைக் கையில் வாங்கித் தானும் சரிபார்த்து, கண்ணை மூடினார். கையைத் தூக்கினார். ஒரு மூச்சு விட்டார். கண்ணைத் திறந்தார். உதட்டைப் பிதுக்கித் திருப்பித் தந்தார்.

இப்படி ஆறு பிஸ்ரல்கள். ஏழாவதைத் தூக்கிக் கண்ணைத் திறந்தபோது அவர் அசையவில்லை. நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். முன்குறியும் பின்குறியும் கறுப்புப் பொட்டும் கோடு போட்டது போல ஒரே நேரில் நின்றன. கண் தெரியாமல் கை போய் நின்ற இடம் அது. நான்கு வருடம் இயந்திரங்களைப் படித்தேன். இவ்வளவு துல்லியமாக ஒன்று நின்றதை அன்றைக்குத்தான் கண்டேன். அது ஓர் எலும்பும் தோலுமான முழங்கை. வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறேன் போல. அவர் சிரித்தார். "எனக்கு மறந்துபோவது பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள்கள்தான். அவர்களுக்குச் சொல்லிவிடாதே."

உலோகத்தின் குற்றம்

எல்லோரும் மார்கரெட் இல்லை. ஒரு சனிக்கிழமை தோள் அகலமான ஒருவர் வந்து, இருபது வருடத்துக்கு முன் தான் வைத்திருந்த அதே பெரிய ரிவோல்வர்தான் வேண்டும் என்று நின்றார். சின்ன ரவை போடும் பாயிண்ட் இருபத்திரண்டு ரகத்தைக் காட்டினேன். அது சிறுவர்களுக்கு என்றார்.

கிரெக் அவருடைய லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். பெரிய ரிவோல்வர் ஒன்றைக் காலி என்று காட்டி, அவரையும் பார்க்கவைத்துக் கையில் கொடுத்தார். ஒரு கையால் நேரே நீட்டிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்கச் சொல்லிவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். இருபதாவது வினாடியில் முன்குறி ஆடத் தொடங்கியது. முப்பதில் அது சுவரில் வட்டம் போட்டது. நாற்பதில் மனிதர் கையைத் தாழ்த்தி, ரிவோல்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் குரலில் உண்மையான அக்கறை இருந்தது: "இப்போதெல்லாம் இதற்குள் என்ன உலோகம் போடுகிறார்கள்?"

இருபத்திரண்டுக்குத்தான் அனுமதி விண்ணப்பம் எழுதினோம்.

மலர் அன்ரியின் பற்

இதற்கிடையில் அம்மா சும்மா இருக்கவில்லை. மகள் ஸ்போர்ட்ஸ் கடையில் எஞ்சினியர் என்று கோயிலில் சொல்லிவிட்டா. ஒரு நாள் மதிய இடைவேளையில் மலர் அன்ரியின் அழைப்பு. எங்கள் தெருவிலேயே இருப்பவ.

"பிள்ளை, உங்கட கடையில கிரிக்கெட் பற் இருக்கோ? எங்கட பெரியவனுக்கு. ஆரோ முன்பின் தெரியாதவனிட்ட வாங்கிறதிலும் பார்க்க உம்மட்ட வாங்கினா நம்பிக்கை."

அப்போதே சொல்லியிருக்கலாம். என் முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் பதினெட்டு பிஸ்ரல்கள் படுத்திருந்தன. "பார்த்துச் சொல்லுறன் அன்ரி" என்றேன். அன்றைக்கு மாலை பரமட்டாவில் ஒரு கடையில் பற் ஒன்றை முழு விலைக்கு வாங்கி, பற்றுச்சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு, வேலை செய்பவர்களுக்கான விலைக்கழிவில் கிடைத்தது என்று குறைந்த விலைக்குக் கொடுத்தேன். ஊசியை மூன்று தரம் அளந்த அதே நான்தான் இப்படிச் செய்தேன். அன்ரி பற்றைத் தட்டிப் பார்த்தா, முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல சாமான். அடுத்த முறை சின்னவனுக்குக் காலுக்குக் கட்டுற பாட்ஸும் எடுத்து வையும், என்ன?"

எந்த ஃபார்ம்

செந்தில் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை. கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டுப் பதக்கம் எல்லாம் வாங்கியவர். பன்னிரண்டு வருடம் கழித்து இங்கே ஒரு கழகத்தில் சேர்ந்திருந்தார். காற்றழுத்தப் பிஸ்ரல் ஒன்று தேடினார். கைப்பிடி அவருடைய உள்ளங்கைக்குப் பொருந்தும்வரை மூன்று சனிக்கிழமைகள் வந்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் ஆங்கிலத்தை அப்படியே கீழே போட்டுவிட்டார்.

"வீட்ல ஒய்ஃப் கிட்ட ஜிம்முக்குப் போறேன்னு சொல்லிட்டுதாங்க வர்றேன். ஆறு மாசமா ஜிம். ஒரு கிலோ கூட குறையல. அவளுக்கு டவுட் வந்துருச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும் தகுதி இல்லை என்பதும் உடனே ஞாபகம் வந்தது. பிஸ்ரலை வீட்டில் வைக்க இரும்புப் பெட்டகம் வேண்டும், அதைச் சுவரோடு சேர்த்து இறுக்க வேண்டும், போலீஸ் வந்து பார்வையிடலாம், மறைத்து வைக்க வழியே இல்லை என்று சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எல்லாத்துக்கும் ஒரு பெர்மிட் ஃபார்ம் வச்சிருக்கீங்க. ஒய்ஃப் கிட்ட சொல்றதுக்கு எந்த ஃபார்ம்ங்க?"

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை மனைவியோடு வந்தார். அந்த அக்கா கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "துப்பாக்கிக்குக் கோவம் இல்லம்மா. ஆறு மாசம் இவர் டிஃபன் பாக்ஸ்ல நான் முளைகட்டின பயறு வச்சு அனுப்பினேன் பாரு, அதுக்குத்தான்."

அப்பா

ஞாயிற்றுக்கிழமை காலை, குசினியில் அப்பா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா கோயிலுக்குப் போயிருந்தா. நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"அப்பா, நான் வேலை செய்யிறது துவக்குக் கடையில."

அவர் கோப்பையை வைத்தார். எழும்பி அதைக் கழுவினார். ஏற்கெனவே கழுவியதை மறுபடியும் கழுவினார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நாளைக்கே விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தபோது அவர் குழாயை மூடினார்.

"சனிக்கிழமை எத்தினை மணிக்குத் திறப்பினம்?"

பத்து மணிக்கு வந்தார். பேருந்தில் வந்து, இஸ்திரி போட்ட சேர்ட்டோடு, ஓட்டுக்கடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். நான் கண்ணாடியூடாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே வந்தார். கிரெக் கை கொடுத்தார், அப்பாவும் கொடுத்தார். சங்கிலி போட்டுப் பூட்டியிருந்த நீளத் துப்பாக்கிகளை அவர் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீ என்ன செய்யிறனீ எண்டு காட்டு."

லைசென்ஸ் இல்லாதவர் கையில் கொடுக்க மாட்டோம்; காட்டலாம். மார்கரெட் தெரிவு செய்த அதே ரகத்தில் ஒன்றை எடுத்தேன். வாசலுக்கோ ஆளுக்கோ திருப்பாமல், பின்சுவர்ப் பக்கம் பிடித்து, மேற்பாகத்தை இழுத்துப் பூட்டினேன். அறைக்குள் பார்த்தேன். பிறகு அவருக்குத் தெரியும்படி சரித்துப் பிடித்தேன்.

"வெறுமை அப்பா. நான் பார்த்திட்டன். நீங்களும் பாருங்கோ."

"நீ பார்த்தா சரிதானே."

"இல்லை அப்பா. ரெண்டு பேரும் பார்க்கோணும். அதுதான் இஞ்ச முறை."

அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். குனிந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தச் சின்னத் துவாரத்துக்குள் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். செந்திலின் பிஸ்ரலுக்குத் திருகாணி இறுக்கிக்கொண்டிருந்த கிரெக்கும் கையை நிறுத்திவிட்டார். இந்தக் கவுண்டரில் எத்தனையோ அசையாத கைகளை வியந்து பார்த்திருக்கிறேன். வாணவெடிக்கு ஒளியும் ஒரு மனிதர் ஒரு பிஸ்ரலுக்கு இவ்வளவு கிட்ட முகத்தைக் கொண்டுவந்து அசையாமல் நின்றதைப் பார்த்தபோது, மூச்சு விடவும் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் நிமிர்ந்தார்.

"எனக்கு முன்னால துவக்கோட நிண்ட ஆக்கள் கனபேர். ஒருத்தரும் இப்பிடித் திறந்து காட்டினதில்லை."

வேலையை விடு என்று சொல்லவில்லை. கிரெக்கிடம் தலையை அசைத்துவிட்டு வாசல்வரை போனவர், திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அப்ப அந்தக் கிரிக்கெட் பற் எங்க வாங்கினனீ?"

சொன்னேன். அவர் தோள்கள் குலுங்கின. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருடம் என்று நினைவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அம்மாவுக்கு நான் சொல்லுறன். மலருக்கு நீதான் சொல்லோணும், அதுக்கு நான் வரமாட்டன்."

ஆக, இந்த நாட்டில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் பல மாதம் பிடிக்கும், அதை விற்கிறேன் என்று அப்பாவிடம் சொல்ல ஒரு வருடம் பிடிக்கும், மலர் அன்ரியின் சின்னவனுக்கான கால் பாட்ஸை மட்டும் நான் நேற்றும் பரமட்டாவில் முழு விலைக்குத்தான் வாங்கினேன்.