விலைக்கு நின்ற வீடு

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் என் வீட்டுக்காரர் கோவில்பட்டியில் ஒரு மளிகைக் கடையை எடுத்து நடத்தப் போனார். தூத்துக்குடி வீட்டை விற்றுவிட்டு நானும் பின்னால் போவதாக ஏற்பாடு. ஆள் பிடித்துக் கூட்டி வருவது தரகர் பாடு. வந்தவர்கள் முகம் சுளிக்காதபடி வீட்டை வைத்திருப்பது என் பாடு.

வீடு துறைமுகத்துக்குப் போகிற தெருவில் இருந்தது. அங்கே எந்தச் சுவருக்கு எத்தனை முறை வெள்ளையடித்தாலும் உப்புப் பூத்துவிடும். சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிரும். வெள்ளையடிக்க வந்த ஆள் முன்னறையை மட்டும் முடித்துவிட்டு, உப்பளத்தில் வேலை கிடைத்ததென்று போனவன் திரும்பவில்லை. நானே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். சுண்ணாம்புத் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து, விரலிடுக்கெல்லாம் வெந்து போனது.

இது போதாதென்று பின்பக்கம் கருவாடு அடுக்கி வைக்கிற கிட்டங்கி ஒன்று. காலையில் கரைக்காற்று வீசும்போது வாடை தெரியாது. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று திரும்பியதும் அந்த வாடை அடுக்களை வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும். தரகரிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

“அண்ணாச்சி, யாரா இருந்தாலும் காலையில கூட்டியாங்க. மத்தியானத்துக்கு மேல வேண்டாம்.”

“அதுக்கென்ன தாயி, விடிஞ்சதும் வாரேன்” என்றார்.

வந்தது வெயில் சாய்ந்த பிறகு. ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியும் அவர் சம்சாரமும், கட்டிக்கொடுத்த மகளுக்காக வீடு பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் ஓடிப்போய்ச் சாம்பிராணி போட்டேன். கருவாட்டு வாடையும் சாம்பிராணிப் புகையும் கலந்து வீடே மூச்சு முட்டியது.

அந்த அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஏம்மா, துட்டி வீடா? யாரும் தவறிட்டாவளா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல, உள்ள வாங்க” என்று சிரித்தேன். சிரிப்பு எனக்கே கோணலாகப் பட்டது. அவள் வரவில்லை. அவள் புருஷர் மட்டும் உள்ளே வந்து, சுவரில் சாய்ந்து உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். திரும்பியபோது தோளில் கிடந்த பச்சைத் துண்டு வெள்ளையாகியிருந்தது. அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார். அவர்களுக்குக் கொடுக்கவென்று தெருக்குழாயில் காத்துக் கிடந்து பிடித்து வைத்த நல்ல தண்ணீரைத் தொடக்கூட இல்லை.

மறுநாள் மறுபடியும் சுண்ணாம்பு கரைத்தேன். வேறென்ன செய்ய?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காயல்பட்டினத்திலிருந்து ஒரு சங்கு வியாபாரி வருவதாகத் தரகர் சொல்லியனுப்பினார். என் வீட்டுக்காரரும் ஊரிலிருந்து வந்திருந்தார். அவருக்குப் பொய் வராது. அதனால் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நீங்களா ஒண்ணும் எடுத்து விடாதீங்க.”

தலையாட்டினார். வியாபாரி நாற்காலியில் உட்கார்ந்து செருமக்கூட இல்லை, இவர் ஆரம்பித்துவிட்டார்.

“மொதலாளி, ஒளிக்காமச் சொல்லுதேன். கோடையில கெணத்துத் தண்ணி உப்புக் கரிக்கும். மேக்குச் செவரு ஓதம் ஏறும். இன்னிக்கு வெள்ளையா தெரியுதுன்னா, இவ அடிச்சது.”

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வியாபாரி சிரித்தார். “செவரு எனக்கு எதுக்கு தம்பி? இடிக்கத்தானே போறேன். சங்கு போட்டு வைக்க ஒரு கிட்டங்கி கட்டணும். எடம் தொறமொகத்துக்குக் கிட்ட இருக்கு, அது போதும்.”

நான் வெளியே வந்துவிட்டேன். “இத முன்னாலயே தரகர்ட்ட சொல்லலியா?”

வியாபாரி வாய் திறக்குமுன் தரகரே சொன்னார். “சொன்னாவோ தாயி. நீங்க பாடுபட்டு வெள்ளையடிச்சிக்கிட்டு இருந்திய. எப்படிச் சொல்லன்னு விட்டுட்டேன்.”

விலை படிந்தது. அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர் சந்தோஷமாக என்னிடம் வந்தார்.

“ஏளா, நல்லபடியா முடிஞ்சிட்டுல்லா. இன்னும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

கையை நீட்டிக் காட்டினேன். தோல் உரிந்து சிவந்திருந்த விரல்களைப் பார்த்துவிட்டுத் தேங்காயெண்ணெய் எடுக்கப் போனார். எனக்கு வேண்டியது எண்ணெய் இல்லை என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

பொங்கலுக்கு முன்னால் காலி செய்தோம். வீட்டை ஒப்படைக்கும்போது கூட்டித் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுப் போவது எங்களில் வழக்கம். தெருக்காரிகள் அதை எதிர்பார்த்து வாசலில் நின்றார்கள். நான் விளக்குமாற்றைத் தொடவில்லை. சாவியைத் தரகர் கையில் போட்டுவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.